ஐடி வேலையை விட்டுட்டு டீச்சர் ஆகலாமா? ஒரு தடவை தப்பாவும் ஒரு தடவை சரியாவும் விட்டவ சொல்றேன்

முதல்ல கேள்வியை சுருக்கமா சொல்லிடறேன், நடுவுல படிக்க வர்றவங்களுக்கும் புரியணும்ல. கேள்வி கேட்ட தம்பிக்கு 33 வயசு, பி.இ. ஈ.சி.இ. படிச்சவர், பத்து வருஷமா சென்னை ஓ.எம்.ஆர் ரோட்டுல ஒரே கம்பெனில சப்போர்ட் ப்ராஜெக்ட், மாசத்துல பாதி நாள் நைட் ஷிப்ட். கைக்கு 78,000 வருது, கூடுவாஞ்சேரில 40 லட்சம் லோன் போட்டு ஃப்ளாட் வாங்கியாச்சு, வீட்டம்மாவுக்கு கிண்டில ஒரு ஆபீஸ்ல 28,000 சம்பளம், நாலு வயசுல ஒரு பொண்ணு. "டிக்கெட் (கம்ப்ளைன்ட்) வருது, மூடுறேன், அதே டிக்கெட் மறுபடி வருது, இதனால உலகத்துல யாருக்கு என்ன பிரயோஜனம்னே தெரியல, ஸ்கூல் வாத்தியார் ஆகணும்னு ரொம்ப நாளா ஆசை, பேப்பர் போட்டு ராஜினாமா பண்ணிடலாமா"ன்னு கேட்டிருக்கீங்க.

இப்போதைக்கு போடாதீங்க தம்பி. ஏன்னு சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும், டீ எடுத்துட்டு வந்து உக்காருங்க.

நான் 2005-ல இதே ரோட்டுல ஒரு கம்பெனில டெஸ்டிங்ல சேந்தவ, படிச்சது பி.எஸ்சி. கணக்கு. நீங்க சொல்ற அந்த மூணு மணி ப்ரிட்ஜ் கால், எட்டு பேர் லைன்ல இருப்பாங்க, ஆறு பேர் மியூட்ல தூங்குவாங்க, ஒருத்தர் மட்டும் "எனி அப்டேட்"னு பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கேப்பாரு, அந்த மெஷின் டீ, விடிகாலைல கேப்ல துரைப்பாக்கம் தாண்டும்போது ரோட்டோரம் இட்லி குண்டான்ல ஆவி பறக்குறத பாத்து இவங்களாச்சும் நாலு பேர் வயித்தை நிரப்புறாங்க நம்ம என்னத்த பண்றோம்னு நெனைக்கிறது, எல்லாம் எனக்கும் தெரியும். 2013-ல ஒரு அப்ரைசல் மீட்டிங்ல எனக்கு கீழ வேலை கத்துக்கிட்ட பையனுக்கு நல்ல ரேட்டிங் குடுத்துட்டு எனக்கு "பெல் கர்வ்"னு, அதாவது இத்தனை பேருக்கு தான் நல்ல ரேட்டிங் குடுக்க முடியும்னு ஒரு கதை சொன்னாங்க, அன்னைக்கு சாயங்காலமே பேப்பர் போட்டுட்டேன். வீட்டுல கேக்கல, கணக்கு பாக்கல, தாம்பரம் பக்கம் ஒரு தனியார் ஸ்கூல்ல மாசம் 9,000-க்கு சேந்தேன், பி.எட். கிடையாதுன்னு சொல்லியே அந்த 9,000. ஏழே மாசம் தாங்குச்சு. நகை ரெண்டு அடகுக்கு போச்சு, வீட்டுக்காரர் மெடிக்கல் ஷாப் வெச்சிருக்கார், அந்த வருஷம் பாத்து வியாபாரம் டல்லு, நான் முகத்தை தொங்கப் போட்டுக்கிட்டு முன்னாடி வாங்கினதை விட கம்மி சம்பளத்துக்கு வேற ஐடி கம்பெனில போய் சேந்தேன். ரெண்டாவது தடவை விட்டது 2016-ல, அது வேற மாதிரி, அதனால தான் இப்போ டீச்சரா இருக்கேன். அதனால நான் சொல்றதுல பாதி அனுபவம், பாதி வாங்கின அடி.

அந்த ஏழு மாசத்துல எனக்கு என்ன உறைச்சதுன்னா, நான் டீச்சர் ஆகணும்னு போகவே இல்ல, அந்த மேனேஜர் மூஞ்சியை பாக்கக் கூடாதுன்னு போயிருக்கேன். எங்க இருந்து ஓடுறோம்ங்கிறது மட்டும் தான் தெளிவா இருந்துச்சு, எங்க போறோம்ங்கிறது மங்கலா இருந்துச்சு. உங்க கேள்வியையும் நான் மூணு தடவை படிச்சேன் தம்பி. 26 வரி எழுதிருக்கீங்க, அதுல 22 வரி ஆபீசைப் பத்தி, ஸ்கூலைப் பத்தி நாலே வரி, அந்த நாலு வரிலயும் கிளாஸ்ரூம் வருது, பிள்ளைங்க வரல. தப்பு சொல்றேன்னு நெனைக்காதீங்க, நானும் அப்படித்தான் இருந்தேன்.

அதனால முதல் வேலை, அர்த்தம் இல்லைங்கிறதையும் தூக்கம் இல்லைங்கிறதையும் பிரிச்சுப் பாருங்க. ரெண்டும் உள்ளுக்குள்ள ஒரே மாதிரி தான் இருக்கும், நைட் ஷிப்ட் பாத்துட்டு வந்து பகல்ல மேல் வீட்டு ட்ரில்லிங் சத்தத்துல தூங்க முயற்சி பண்றவனுக்கு கலெக்டர் வேலை குடுத்தாலும் அர்த்தம் இல்லாம தான் தெரியும். பத்து வருஷம் ஒரே இடத்துல இருந்திருக்கீங்க, டே ஷிப்ட் கேளுங்க, ப்ராஜெக்ட் மாத்த கேளுங்க, குடுக்கலன்னா வேற கம்பெனி பாருங்க, இல்ல குறைஞ்சது சேத்து வெச்ச லீவுல ஒரு 15 நாள் எடுத்து லேப்டாப்பை பரண்ல போட்டுட்டு ராத்திரி தூங்குங்க. அந்த 15 நாள் முடிஞ்சும் காலைல எழுந்தா ஸ்கூல் ஞாபகம் வருதான்னு பாருங்க. எனக்கு தெரிஞ்ச ரெண்டு பேருக்கு டே ஷிப்ட் கிடைச்சதும் இயற்கை விவசாய ஆசை போயிடுச்சு, ஒருத்தர் திண்டிவனத்துல நிலத்துக்கு அட்வான்ஸே குடுத்துட்டார், பாவம் அதை திரும்ப வாங்க நாய் படாத பாடு பட்டார்.

(இதுல ஒரு விதிவிலக்கு இருக்கு, அதை இங்கயே சொல்லிடறேன். வேலையால பிரஷர், நெஞ்சு வலி, தற்கொலை எண்ணம்னு போகுது, இல்ல ஆபீஸ்ல யாராச்சும் கேவலமா நடத்துறாங்கன்னா இந்த பதில் உங்களுக்கு இல்ல. டாக்டரைப் பாருங்க, வெளிய வாங்க, மத்ததெல்லாம் அப்புறம்.)

சரி, தூங்கி எழுந்த பிறகும் ஆசை அப்படியே இருக்குன்னு வெச்சுக்குவோம். அடுத்தது தான் முக்கியம். எல்லா வேலைலயும் சலிப்பு இருக்கு. இது யாரும் சொல்ல மாட்டாங்க, ஏன்னா வேலையை விட்டுட்டு போனவங்க பேட்டி குடுக்கும்போது நல்ல பக்கத்தை மட்டும் தான் சொல்லுவாங்க. டீச்சர் வேலைல பாடம் நடத்துறது ஒரு பங்கு தான் தம்பி. காலைல எமிஸ்னு கல்வித்துறையோட ஆப்ல அட்டெண்டன்ஸ் போடணும், சர்வர் சுத்திக்கிட்டே இருக்கும், நீங்க சர்வர்ல இருந்து தப்பிச்சு வந்தோம்னு நெனைச்சா அது இங்க வந்து நிக்கும். நோட்ஸ் ஆஃப் லெசன், அதான் பாடக் குறிப்பு, எழுதணும், 42 பிள்ளைங்க நோட்டு திருத்தணும், சிவப்பு பேனா மை தீர தீர வாங்கணும். உதவித்தொகைக்கு பேங்க் அக்கவுண்ட் நம்பர் வாங்கணும், வருமான சான்றிதழ் கொண்டு வராத பிள்ளையோட அப்பாவுக்கு நாலு தடவை போன் போடணும். இலவச சைக்கிள் வந்தா கணக்கு, புத்தகம் வந்தா கணக்கு, எலெக்சன் வந்தா பூத்ல ராத்திரி பெஞ்ச்ல படுக்கணும். ஒன்னுல இருந்து மூணாம் கிளாஸ் வரைக்கும் 2022-ல எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தப்போ எங்க தொடக்கப்பள்ளி டீச்சருங்க பாதிப் பேர் "மதிப்பீட்டை ஆப்ல ஏத்துறதுக்கே நேரம் சரியா இருக்கு"ன்னு தான் புலம்பினாங்க, திட்டம் நல்ல திட்டம் தான், அது வேற விஷயம்.

அதனால நான் யாரு கேட்டாலும் சொல்றது, போற வேலையோட சலிப்பை முதல்ல போய் பாத்துட்டு வாங்க. பழைய வேலையோட சலிப்பு நமக்கு தெரிஞ்ச பிசாசு. புதுசோட சலிப்பு நமக்கு ஒத்துக்குமா இல்லையாங்கிறதுல தான் எல்லாமே இருக்கு, ஆசை எவ்வளவு பெருசுங்கிறதுல இல்ல. எனக்கு நோட்டு திருத்துறது எரிச்சலா இருக்கும், ஆனா எந்தப் பிள்ளை எந்த இடத்துல வழுக்குதுன்னு அதுல தான் தெரியும், அதனால தாங்க முடியுது. டெஸ்ட் கேஸ் எழுதுறது எரிச்சலா இருக்கும், அது யாருக்காகன்னு கடைசி வரைக்கும் தெரியல, அதனால தாங்க முடியல. அவ்வளவு தான் வித்தியாசம்.

எப்படி போய் பாக்குறது? ஒரு நாள் ஸ்கூல் விழாவுக்கு கம்பெனி டீஷர்ட் போட்டுக்கிட்டு போய் நோட்புக் குடுத்து போட்டோ எடுத்துட்டு வர்றதை நான் கணக்குல சேக்க மாட்டேன், அன்னைக்கு எல்லாருக்கும் நல்லா தான் இருக்கும். அதே பிள்ளைங்க, அதே இடம், வாரா வாரம், ஆறு மாசம். உங்க ஃப்ளாட்ல வீட்டு வேலைக்கு வர்ற அம்மாவோட பிள்ளைங்களா இருக்கலாம், பக்கத்துல ஏதாச்சும் மாலை நேர சென்டர் இருக்கலாம். கொரோனாவுக்கு அப்புறம் 2021 அக்டோபர்ல அரசு இல்லம் தேடிக் கல்வி ஆரம்பிச்சப்போ தன்னார்வலர்களுக்கு மாசம் 1,000 ரூபாய் தான், சாயங்காலம் அஞ்சுல இருந்து ஏழுக்குள்ள ஒரு மணி, ஒன்றரை மணி நேரம், தெருவுல இருபது பிள்ளைங்களை உக்கார வெச்சு எடுத்தாங்க. எங்க தெருவுல எடுத்த பொண்ணு ஒருத்தி அதுக்கப்புறம் தான் பி.எட். சேந்தா, இன்னொருத்தி அதுக்கப்புறம் தான் இது நமக்கு சரி வராதுன்னு பேங்க் எக்ஸாமுக்கு போனா. ரெண்டு பேருக்குமே அந்த 1,000 ரூபாயை விட பெரிய லாபம் அது.

ஆறு மாசம் ஏன் சொல்றேன்னா முதல் மாசம் புதுசுங்கிற கிளுகிளுப்பு இருக்கும், மூணாவது மாசம் பாதிப் பிள்ளைங்க வராது, நாலாவது மாசம் நீங்க ஒரு விஷயத்தை பத்து தடவை சொல்லியும் ஒரு பிள்ளை அப்படியே முழிக்கும், உங்களுக்கு கோவம் வரும், அந்த கோவத்தோட என்ன பண்றீங்கன்னு பாக்கணும்.

எனக்கு நடந்த ஒன்னை சொல்றேன். 2016-ல பி.எட். சேந்து, ட்ரெயினிங்க்காக ஒரு அரசுப் பள்ளிக்கு அனுப்பினாங்க, ஏழாம் கிளாஸ், பின்னம். ½ + ½ எவ்வளவுன்னு போர்டுல போட்டேன், ஒரு பொண்ணு எழுந்து 2/4-ன்னா. மேல மேல கூட்டி, கீழ கீழ கூட்டி, எல்லாப் பிள்ளைங்களும் பண்ற தப்பு தான். நான் தப்புன்னு சொல்லிட்டு அடுத்ததுக்கு போகப் போனேன், அவ உக்காரல. "மிஸ், ஒரு பரோட்டால பாதி, இன்னொரு பரோட்டால பாதி. மொத்தம் ரெண்டு பரோட்டா, நாலு துண்டு. அதுல ரெண்டு துண்டு எங்கிட்ட இருக்கு. அப்போ நாலுல ரெண்டு தானே?" அவங்க அப்பா பரோட்டா மாஸ்டர். கிளாஸ் மொத்தமும் என்னையே பாக்குது. எனக்கு பதில் தெரியும், ஒன்னு தான் விடை, ஆனா அவ சொன்னதுல எங்க தப்புன்னு அந்த நிமிஷம் என்னால சொல்ல முடியல, பெல் அடிச்சது, தப்பிச்சோம்னு வெளிய வந்துட்டேன். அன்னைக்கு ராத்திரி சப்பாத்தி போடும்போது கூட அதே நெனப்பு. அவ எதை முழுசுன்னு வெச்சுக்கிறாளோ அது நடுவுல மாறிடுது, ஆரம்பிக்கும்போது ஒரு பரோட்டா முழுசு, முடிக்கும்போது ரெண்டு பரோட்டா சேந்து முழுசு. அதை மறுநாள் போய் ரெண்டு சப்பாத்தியை வெச்சு காமிச்சேன், அவ ஒரு நிமிஷம் பாத்துட்டு "அப்போ ரெண்டு பரோட்டாவை ஒரு செட்டுன்னு சொன்னா நான் சொன்னது ரைட்டா மிஸ்"னா. ரைட்டு தான். பதினோரு வருஷம் ஐடில இருந்தேன், ஒரு பக் (சாஃப்ட்வேர் தப்பு) என்னை வீடு வரைக்கும் துரத்திக்கிட்டு வந்து சப்பாத்திக் கட்டைல உக்காந்தது இல்ல. எனக்கு முடிவு தெரிஞ்சது அன்னைக்கு தான், பேப்பர் போட்ட அன்னைக்கு இல்ல.

உங்களுக்கு அப்படி ஒன்னு நடக்கணும்னு அவசியம் இல்ல. ஆனா நடக்குற மாதிரி இடத்துல நீங்க போய் நிக்கணும்.

இப்போ காசு. நீங்க குடுத்த நம்பரை வெச்சே போட்டுப் பாத்தேன். 40 லட்சம், 8.5 சதவீதம், 20 வருஷம்னா இ.எம்.ஐ. 34,700 ரூபாய் வருது. மளிகை, பால், கரண்டு, மெயின்டனன்ஸ், பொண்ணு ஸ்கூல், அப்பா அம்மாவுக்கு அனுப்புறது எல்லாம் சேத்து 38,000-ன்னு நீங்களே சொல்றீங்க. மொத்தம் 72,700. வீட்டம்மா சம்பளம் 28,000 போக மாசம் 44,700 பள்ளம். பி.எட். ரெண்டு வருஷம், அப்போ 24 மாசத்துக்கு 10 லட்சத்து 72 ஆயிரம், இதுல காலேஜ் ஃபீஸ் சேக்கல. கிராஜுட்டி வரும்ல-ன்னு கேப்பீங்க. வரும், அஞ்சு வருஷம் தாண்டிட்டீங்க, 2025 நவம்பர் வரைக்கும் இருந்த சட்டப்படி கடைசி பேசிக்கை 15-ஆல பெருக்கி 26-ஆல வகுத்து வருஷத்தால பெருக்கணும், உங்க பேசிக் 31,000-ன்னா பத்து வருஷத்துக்கு 1 லட்சத்து 78 ஆயிரம் சொச்சம். அதாவது சரியா நாலு மாசப் பள்ளத்துக்கு. பத்து வருஷ உழைப்பு நாலு மாசத்துல கரையும்னு பேப்பர்ல பாத்தா கொஞ்சம் வயித்தைக் கலக்கும், கலக்கட்டும், இப்போ கலக்குறது நல்லது.

பி.எஃப். பணத்தைத் தொடாதீங்க. அதுல பென்ஷன் பங்கு ஒன்னு இருக்கு, பத்து வருஷ சர்வீஸ் இருந்தா 58 வயசுல மாசப் பென்ஷனுக்கு தகுதி, நீங்க அந்த எல்லைல தான் நிக்கிறீங்க, பாஸ்புக்கை எடுத்து சேந்த தேதியை சரி பாத்துட்டு அதுக்கப்புறம் பேப்பர் போடுற தேதியை முடிவு பண்ணுங்க. கொஞ்ச மாசம் குறைஞ்சு போய் தலைல கை வெச்சவங்களை பாத்திருக்கேன்.

இன்னொன்னு, இதை நெறைய பேர் கோட்டை விடுறாங்க. ஆபீஸ் மெடிக்கல் இன்சூரன்ஸ்ல உங்க அப்பா அம்மா இருக்காங்க, அப்பாவுக்கு சுகர்ன்னு எழுதிருக்கீங்க. குரூப் பாலிசில பொதுவா முதல் நாள்ல இருந்தே எல்லாம் கவர் ஆகும், கடைசி வேலை நாளோட அது முடிஞ்சிடும். வெளிய தனியா எடுத்தா ஏற்கனவே இருக்குற நோய்க்கு மூணு வருஷம் வரைக்கும் காத்திருக்க சொல்லலாம், முன்னாடி நாலு வருஷமா இருந்ததை 2024-ல தான் மூணா குறைச்சாங்க. அதனால வேலைல இருக்கும்போதே தனியா ஒரு பாலிசி எடுத்து அந்தக் கடிகாரத்தை ஓட விட்டுடுங்க. நான் எடுக்கல. மாமியாருக்கு முட்டி ஆபரேஷன் வந்தப்போ மொத்தமும் கைக்காசு. லோன் வட்டியைக் குறைக்கணும், வேற பேங்க்குக்கு மாத்தணும்னா அதையும் சேலரி ஸ்லிப் இருக்கும்போதே முடிச்சுடணும், அப்புறம் பேங்க்காரங்க முகமே வேற மாதிரி இருக்கும்.

இவ்வளவு எழுதின நீங்க, வீட்டம்மா என்ன சொல்றாங்கன்னு ஒரு வரி கூட எழுதல. மாசம் 44,700 பள்ளத்துல பாதிக்கு மேல அவங்க தலைல தான் விழும், அவங்களுக்கும் அவங்க வேலை பிடிச்சிருக்கான்னு யாராச்சும் கேட்டாங்களா? எங்க வீட்டுல ரெண்டாவது தடவை நான் செஞ்சது, ஒரு லாங் சைஸ் நோட்டு போட்டு ரெண்டு பேரும் உக்காந்து எழுதினோம், எது இல்லாம இருக்க முடியும், எது முடியாது, ரெண்டு வருஷத்துல நடக்கலன்னா என்ன பண்றது. என் சம்பளம் வந்துக்கிட்டு இருக்கும்போதே ஒரு வருஷம் அது இல்லாத மாதிரி வாழ்ந்து பாத்தோம், என் சம்பளம் அப்படியே ஒரு ஆர்.டி.க்குப் போச்சு. அதுல பணமும் சேந்துச்சு, முடியுமா முடியாதாங்கிறதும் தெரிஞ்சு போச்சு. உங்களுக்கு 28,000-ல இ.எம்.ஐ. கூட வராது, அதனால வேணும்னா ஆறு மாசம் 28,000-மும் உங்க சம்பளத்துல ஒரு 20,000-மும் மட்டும் வெச்சு வாழ்ந்து பாருங்க. முடியலன்னா ஃப்ளாட்டை வாடகைக்கு விட்டுட்டு அப்பா அம்மா கூட மதுராந்தகத்துல இருக்க முடியுமா, கிண்டிக்கு ட்ரெயின்ல அவங்க போயிட்டு வர முடியுமா, இதையெல்லாம் அவங்க வாயால கேளுங்க, நீங்களா அவங்களுக்காக தியாகம் பண்ணி முடிச்சுடாதீங்க.

அடுத்து ரூட்டு, இதுல நிறைய தப்பான தகவல் சுத்துது. பி.எட். 2015-ல இருந்து ரெண்டு வருஷம், ரெகுலரா காலேஜ் போகணும், அதுல 20 வாரம் ஸ்கூல்ல ட்ரெயினிங். தபால்ல பண்ணிடலாம்னு சொல்வாங்க, அது ஏற்கனவே ஆசிரியர் பயிற்சி முடிச்சவங்களுக்கு, பயிற்சியோட வேலைல இருக்கிறவங்களுக்கு தான், ஐடில இருந்துக்கிட்டு அப்படியே சேர முடியாது. காலேஜுக்கே போக வேணாம் அட்டெண்டன்ஸ் நாங்க பாத்துக்கறோம்னு சொல்ற இடங்களும் இருக்கு, உங்க மனசாட்சி. பி.இ. காரங்க பி.எட். சேரலாம், ஆசிரியர் படிப்புக்கு விதி போடுற என்.சி.டி.இ.யோட விதில 55 சதவீதம் மார்க் கேக்குறாங்க, உங்க மார்க் ஷீட்டைப் பாத்துக்கோங்க, எந்த பாடத்துக்கு எந்த கிளாஸுக்கு எடுத்துப்பாங்கன்னு நோட்டிபிகேஷனுக்கு நோட்டிபிகேஷன் மாறிக்கிட்டே வந்திருக்கு, அதனால சேர்றதுக்கு முன்னாடி கடைசியா வந்த அரசாணையை காலேஜ்ல காட்டச் சொல்லுங்க. ஒரு வருஷ பி.எட். வரப்போகுதுன்னு பேச்சு இருக்கு, அதை நம்பி பிளான் போடாதீங்க.

பி.எட். முடிச்சா டெட், அதாவது ஆசிரியர் தகுதித் தேர்வு. ஒன்னுல இருந்து அஞ்சு வரைக்கும் பேப்பர் ஒன்னு, ஆறுல இருந்து எட்டுக்கு பேப்பர் ரெண்டு, 150 மார்க்கு. சிக்கல் என்னன்னா தமிழ்நாட்டுல இது வருஷா வருஷம் வராது. 2012, 2013, அப்புறம் 2017, 2019, அப்புறம் 2022-ல நோட்டிபிகேஷன் வந்து பேப்பர் ரெண்டு 2023 பிப்ரவரில நடந்துச்சு, அதுக்கப்புறம் 2025 நவம்பர். நான் 2019-ல பாஸ் பண்ணேன், கொஞ்சம் தவறிருந்தா இன்னும் மூணு வருஷம் உக்காந்திருக்கணும். பாஸ் பண்ணா வேலையான்னா அதுவும் இல்ல, 2018-ல ஒரு அரசாணை போட்டு டெட் பாஸ் பண்ணவங்க தனியா இன்னொரு போட்டித் தேர்வு எழுதணும்னுட்டாங்க, 2013-ல பாஸ் பண்ணவங்க எத்தனை தடவை சென்னைல கல்வித்துறை ஆபீஸ் இருக்குற டி.பி.ஐ. வளாகத்துல உக்காந்து போராடினாங்க, பட்டதாரி ஆசிரியருக்கு அந்தப் போட்டித் தேர்வு நடந்தது 2024 பிப்ரவரில. பத்து வருஷம்! கல்யாணம் ஆகி பிள்ளை பெத்து அந்தப் பிள்ளை அஞ்சாம் கிளாஸ் வந்துடும். 2025 செப்டம்பர்ல சுப்ரீம் கோர்ட் வேற, ஏற்கனவே வேலைல இருக்கிறவங்களும் ரிட்டையர் ஆக அஞ்சு வருஷத்துக்கு மேல இருந்தா டெட் பாஸ் பண்ணியே ஆகணும்னு சொல்லிடுச்சு, எங்க ஸ்டாஃப் ரூம்ல 50 வயசு டீச்சருங்க மறுபடி கைடு வாங்கிப் படிச்சாங்க.

சம்பளம்? அரசுப் பள்ளில பட்டதாரி ஆசிரியருக்கு அடிப்படை 36,400-ல ஆரம்பிக்குது, படி எல்லாம் தனி, அது கிடைச்சா நல்ல வாழ்க்கை தான். ஆனா அது கிடைக்கிற வரைக்கும் நடுவுல இருக்குற வருஷங்களுக்கு தான் கணக்கு போடணும். தற்காலிகமா எடுத்தா 2022-ல பட்டதாரி ஆசிரியருக்கு மாசம் 10,000 தான் குடுத்தாங்க, அப்புறம் அதை 15,000 ஆக்கினாங்க. தனியார்ல நான் 2018-ல 14,000-க்கு சேந்தேன். இப்போ நான் இருக்குறது அரசு உதவி பெறுற ஸ்கூல், அங்க சேந்தும் அப்ரூவல் வர்ற வரைக்கும் நிர்வாகம் குடுத்தது தான். சி.பி.எஸ்.இ. ஸ்கூல் பக்கம் போறதா இருந்தா மத்திய அரசோட தகுதித் தேர்வு சி-டெட் எழுதி வெச்சுக்கோங்க, அது நம்ம டெட் மாதிரி இவ்வளவு இழுக்காது. ஃபெல்லோஷிப் ரூட்டும் இருக்கு, டீச் ஃபார் இந்தியா மாதிரி, ரெண்டு வருஷம், சென்னைலயும் உண்டு, பி.எட். வேணாம், ஆனா உதவித்தொகை உங்க இ.எம்.ஐ.க்கு காணாது.

இதெல்லாம் படிச்சா நான் உங்களை பயமுறுத்துற மாதிரி இருக்கும். ஆமா, கொஞ்சம் பயமுறுத்துறேன். இந்த கேள்விக்கு "மனசு சொல்றதைக் கேளுங்க ப்ரோ"ன்னு எழுதுறவங்க யாரும் உங்க இ.எம்.ஐ. கட்ட மாட்டாங்க.

எப்பவும் இதுல இயற்கை விவசாயி நம்மாழ்வாரை உதாரணம் காட்டுவாங்க, கோவில்பட்டி அரசு ஆராய்ச்சி நிலைய வேலையை 1969-ல விட்டுட்டு வந்தவர்னு. உண்மை தான், ஆனா அவர் விட்டது அந்த வேலையை, விவசாயத்தை விடல. ஆறு வருஷம் அந்தப் பண்ணைல இருந்து பாத்துட்டு, இங்க பண்ற ஆராய்ச்சி மானாவாரி விவசாயிக்கு உதவலன்னு புரிஞ்சு, அடுத்து களக்காடு பக்கம் விவசாயிங்க நடுவுலயே பத்து வருஷம் வேலை பாத்தார். தெரிஞ்ச தொழிலை வேற யாருக்காகவோ பண்ணப் போனார், அவ்வளவு தான். இன்னொரு பக்கம் மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரி டாக்டர் வெங்கடசாமியைப் பாருங்க, அவர் அரசு வேலையை விடவே இல்ல, அதுல இருந்துக்கிட்டே ஊர் ஊரா கண் முகாம் போட்டார், ரிட்டையர் ஆகி 58 வயசுல, 1976-ல, 11 படுக்கையோட தான் ஆரம்பிச்சார். யாரும் அவரைப் பாத்து ஏன் முன்னாடியே ராஜினாமா பண்ணலன்னு கேக்கல.

அதனால உங்களுக்கு நடுவுல ஒரு வழி இருக்கான்னும் பாருங்க. பத்து வருஷம் சப்போர்ட்ல இருந்தவருக்கு ஒரு விஷயம் கைவந்திருக்கும், பதறிக்கிட்டு பேசுற ஆளை நிதானப்படுத்தி எங்க பிரச்சனைன்னு படிப்படியா கேட்டுக் கண்டுபிடிக்கிறது. டீச்சர் வேலைல பாதி அது தான் தம்பி, நெசமா சொல்றேன். பாலிடெக்னிக்ல, இன்ஜினியரிங் காலேஜ்ல ட்ரெய்னரா போகலாம், உங்க கம்பெனிலயே புதுசா சேர்ற பசங்களுக்கு ட்ரெயினிங் குடுக்குற டீமுக்கு கேக்கலாம். என் பழைய டீம்ல ஒருத்தி அப்படி மாறினா, அவளுக்கு அதுவே போதுமா இருந்துச்சு, எனக்கு போதல. உங்களுக்கு எப்படின்னு நீங்க தான் பாக்கணும்.

என்ன செய்யலாம்னு கேட்டா, இந்த மாசம் டே ஷிப்ட் கேளுங்க, அப்பாவுக்கு பாலிசி எடுங்க, ஞாயித்துக்கிழமை நோட்டு போட்டு வீட்டம்மா கூட உக்காருங்க, ஜூன்ல ஸ்கூல் திறந்ததும் நாலு பிள்ளைங்களைப் பிடிச்சு சனிக்கிழமை சனிக்கிழமை கணக்கு சொல்லிக் குடுங்க. தொண்ணூறு நாள் நோட்டீஸ் எங்கயும் போயிடாது, அடுத்த வருஷமும் அதே தொண்ணூறு தான். டிசம்பர்ல மறுபடி இங்க எழுதுங்க, இந்த தடவை ஆபீஸைப் பத்தி ரெண்டு வரி போதும், பிள்ளைங்களைப் பத்தி 22 வரி வரணும், அப்போ நானே எந்த காலேஜ்னு பேசுறேன்.

அதுக்கு நடுவுல அந்த பரோட்டா கணக்கை உங்க வீட்டம்மாகிட்ட கேட்டுப் பாருங்க, ½ + ½ ஏன் 2/4 இல்லைன்னு, சப்பாத்தி கிப்பாத்தி எதுவும் கைல எடுக்காம வெறும் வாயால புரிய வைக்க முடியுதான்னு. நான் எட்டு வருஷமா முயற்சி பண்றேன், இன்னும் சரியா வரல.